மோட்டார் இருக்கைக்குத் தோல் தைப்பது



காலை 5.30 மணிக்குப் பெரட்டுக்குப் புறப்படும் மோட்டார்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவற்றில் சிலவற்றின் இருக்கை கட்டாயம் கிழிந்திருக்கும். கிழிசலின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை, பையைச் சுற்றி ஒரு ரப்பர் கயிறு. முந்தின இரவு பெய்த மழை உள்ளே ஸ்பாஞ்சில் தங்கியிருக்கும். மேலே பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் கால்சட்டை நனைந்துவிடும். அந்த ஈரத்தோடுதான் குலை வெட்டப் போக வேண்டும்.

என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிறோம், சங்கிலியை இறுக்குகிறோம், டயரைப் பார்க்கிறோம். இருக்கையை மட்டும் கவனிப்பதில்லை. ஆனால் நாள்தோறும் நம் உடம்பு தொடுவது அதைத்தான். அந்த இருக்கையை நாமே பிரித்து, நல்ல தோலில் மறுபடி தைத்துப் போடுவது எப்படி என்பதையே இன்று பேசப்போகிறேன். நான் பள்ளி ஆசிரியை. குஷன் கடைக்காரி இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த கைவேலையும், அம்மாவின் சிங்கர் தையல் மெஷினும்தான் எனக்குத் தெரிந்தவை. அந்தத் துணிச்சலில் முதலில் என் மோட்டாரையே கெடுத்தேன். அதை ஒளிக்காமல் பிறகு சொல்கிறேன்.

நம் பகுதியில் அதிகம் ஓடுவது கப்சாய். கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாகப் பெஸ்தாரி ஜெயா வரை எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் அந்த ஓசைதான் கேட்கும். ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சிறு மோட்டாரை 1958-இல் விற்கத் தொடங்கியது. அதே 1958-இல் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை மலாயாவுக்கு வரவழைத்தார். 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லான 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்பார்கள். உலகம் முழுவதற்கும் செய்த சூப்பர் கப் 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. இத்தனை கோடி வண்டியிலும் தொழிற்சாலை போட்டு அனுப்பும் உறை பெரும்பாலும் தோலைப்போல் தோற்றமளிக்கும் பிளாஸ்டிக்தான். ரெக்சின் என்று நாம் சொல்வது அதைத்தான்.

ரெக்சின் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. மழை அதன் வழியாக இறங்காது, விலையும் குறைவு. ஆனால் வெயில் பட்டுப் பட்டு அதிலுள்ள மென்மை போய்விடுகிறது. பிறகு விறைத்து, மடிப்பில் வெடிக்கிறது. வெடித்த ரெக்சினை யாராலும் சரி செய்ய முடியாது. தோல் அப்படியில்லை. பழக்கினால் உடம்புக்கு ஏற்றபடி படியும், காற்று விடும், சற்றுக் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு குணம் உண்டு: தண்ணீர் குடிக்கும். இதை மறந்தவர்கள் காசை இழப்பார்கள். இழந்தவர்களில் நானும் ஒருத்தி.

தோல் என்பது என்ன? மாட்டின் மேல் இருந்தது, அவ்வளவுதானே என்று கேட்பீர்கள். பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். அழுகாமல் மாற்றுவதற்குப் பெயர் பதனிடுதல். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோப்பையில் இருக்கும் பால் சும்மா விட்டால் நாறிப்போகும். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, தகடாக்கி, புகைவீட்டில் காய வைத்தால் கப்பலேறி ஊர் ஊராகப் போகும். தோலுக்கும் இதே கதைதான். பாலுக்கு ஆசிட் போல, தோலுக்கு மரப்பட்டையின் துவர்ப்பு. 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய செம்பனை இன்று எங்கும் பரவிவிட்டதால், இப்போதுள்ள பிள்ளைகள் பலர் பால் உறைவதையே பார்த்ததில்லை. அவர்களுக்குத் தாத்தா பாட்டிதான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆவாரஞ்செடியின் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். பொங்கலன்று வாசலில் கட்டும் அதே ஆவாரம்பூச் செடிதான். திண்டுக்கல், திருச்சி, ஆம்பூர், வாணியம்பாடி இவையெல்லாம் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். அங்கிருந்து சென்ற தோலை ஐரோப்பிய வணிகர்கள் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயரிட்டு வாங்கினார்கள். பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. பட்டை முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய முறைக்குச் சில நாள் போதும். இன்று சோபாவுக்கும் செருப்புக்கும் வரும் தோலில் பெரும்பகுதி குரோமியத் தோல்தான். இந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. வேலூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களின் கழிவு பாலாற்றில் கலந்து கிணறுகள் கெட்டன. அந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லியது.

சரி, நம் மோட்டாருக்கு எந்தத் தோல்? சோபாவுக்குப் பயன்படும் மாட்டுத் தோல் போதும். கனம் 1.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதைவிடக் கனமானால் வீட்டுத் தையல் மெஷின் திணறும். மெல்லியதானால் இருக்கையின் முனையில் நைந்துபோகும். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நார் நாராக, வெல்வெட்டுப் போல் இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேல்பக்கத்தில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாக, முக்கோணமாகச் சேர்ந்திருந்தால் அது பன்றித் தோல். தைத்துக் கொடுக்கும் வண்டியில் நாளை நம் மலாய் நண்பர் ஒருவர் ஏறி உட்காரலாம். கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதே மரியாதை. மாட்டுத் தோல் வேண்டாம் என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு ரெக்சின் இருக்கவே இருக்கிறது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு சோபாக் கடையில் மீந்த தோல் துண்டு மலிவாகக் கிடைத்தது. படத்தில் பார்த்த மோட்டாரைப் போல இருக்க வேண்டும் என்று, உட்காரும் இடத்தின் குறுக்கே பத்து வரிசை அழகுத் தையல் போட்டேன். வீட்டில் இருந்த பருத்தி நூலையே கோத்தேன். ரவிக்கைக்குத் தைப்பதுபோல் நெருக்கி நெருக்கித் தைத்தேன். பள்ளியில் எல்லாரும் பாராட்டினார்கள். அக்டோபர், நவம்பர் மழை வந்தது. ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு குழாய். பத்து வரிசை வழியாகவும் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்சு ஊறியது. பள்ளி விடுமுறையில் வண்டியை மூடி வைத்துவிட்டுப் போய்த் திரும்பினால், தோலின் மேல் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம். பருத்தி நூல் இற்றுப்போயிருந்தது. தையலை ஒட்டித் தோல் அப்படியே கிழிந்தது. தபால் தலையை ஓரத் துளையில் கிழிப்போமே, அதேபோல. தோலில் ஒருமுறை குத்திய துளை மூடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே நீங்கள் செய்யும்போது உட்காரும் இடத்தில் தையலே வேண்டாம். மேல்பாகம் ஒரே துண்டாக இருக்கட்டும். தையல் எல்லாம் பக்கவாட்டில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் வரட்டும். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையே 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி.

வேலையைத் தொடங்குமுன் இருக்கையை வண்டியிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுங்கள். பழைய கப்சாயில் பெட்ரோல் டாங்கி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் பசையும் வேண்டாம், சுருட்டும் வேண்டாம். இருக்கையின் முன்புறக் கீலில் உள்ள நட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். கவிழ்த்துப் பாருங்கள். பழைய வண்டியானால் இரும்புத் தட்டின் ஓரத்தில் சிறு பற்கள் உறையைக் கவ்வியிருக்கும். புதிய வண்டியானால் பிளாஸ்டிக் தட்டில் ஸ்டேப்பிள் ஊசிகள் இருக்கும். தட்டையான திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்புங்கள். உறையை இழுத்துக் கிழித்துவிடாதீர்கள். அந்தப் பழைய உறைதான் உங்களுக்கு அளவுச் சட்டை.

அளவுச் சட்டையிலிருந்து புதுச் சட்டை வெட்டத் தெரிந்த தாய்மார்களுக்கு இனி நான் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். உறையின் தையலைப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் விரித்து வரையுங்கள். எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்று ஓரத்தில் சிறு சிறு குறிகள் போடுங்கள். தையல் இடம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். கீழே மடக்கும் ஓரத்துக்கு இன்னும் தாராளமாக, நான்கு விரல் அகலம் விடுங்கள். இழுத்துப் பிடிக்கக் கைக்கு ஏதாவது வேண்டுமே. தோலில் முதுகுப் பகுதி இழுத்தால் அதிகம் நீளாது, வயிற்றுப் பகுதி நீளும். உட்காரும் பாகத்தை முதுகிலிருந்து வெட்டுங்கள். வயிற்றுப் பகுதியை மேலே போட்டால் சில மாதத்தில் தொய்ந்து, பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். குண்டூசி குத்தக் கூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும்.

உறையைவிட முக்கியமானது உள்ளே இருப்பது. ஸ்பாஞ்சு ஊறிக் கறுத்திருந்தால், அதன் மேல் தங்கத்தைத் தைத்தாலும் வீண். அமுக்கி விட்டால் மீண்டு எழுகிறதா என்று பாருங்கள். எழாத இடத்தை வெட்டி எடுத்து, அதே அளவில் புது ஸ்பாஞ்சை ஒட்டி, மேலே மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றைப் பரப்பிச் சமன் செய்யுங்கள். இன்றைய ஸ்பாஞ்சு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அது நம் பாலிலிருந்து வந்தது. முட்டையை அடித்து நுரைப்பதுபோல் ரப்பர் பாலை நுரைத்து, அச்சில் ஊற்றி, சூடேற்றி மெத்தை செய்யும் வழியை இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் 1929-இல் கண்டார்கள். நம் பாட்டிமார் காண்டாக் கம்பில் சுமந்த பால், யாரோ ஒருவர் உட்காரும் மெத்தையானது. அவர்கள் உட்கார்ந்ததோ மரப் பலகையில்.

ஸ்பாஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, ஓரம்வரை ஒட்டிவிடுங்கள். தோல் குடிக்கும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அடித்தட்டில் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கைக்கு ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். அதை வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். அந்த வாடை தலைக்கு ஏறும். வேலை முடிந்ததும் டின்னை மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

இனிமேல்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்பியது வருகிறது.

என் பழைய மாணவன் ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். அவன் அப்பாவுக்கு இடுப்பு வலி. தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அவரை மோட்டாரில்தான் அழைத்துப் போவான். இருக்கை கட்டையாகிவிட்டது. "டீச்சர், அப்பாவுக்காக ஒரு நல்ல சீட்டுப் போடணும்" என்று வந்தான். நான் கெடுத்த கதையைச் சொல்லி, இருவருமாக மறுபடி முயன்றோம். அவன் வீட்டு வாசலில் தோலை விரித்து வெட்டிக்கொண்டிருந்தான். அந்த வழியே போன பெரியவர் ஒருவர் நின்று, "ஏண்டா, செருப்புத் தைக்கிற வேலையெல்லாம் எப்போ கத்துக்கிட்ட?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். பையன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு வாரம் அந்தத் தோலைத் தொடவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று நமக்கெல்லாம் தெரியும். நம் முன்னோர் கப்பலேறியபோது சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சில தோட்டங்களில் லயங்களே தனித்தனியாக இருந்தன. திருவிழாவில் உறுமி முழங்கினால் நாம் அத்தனை பேரும் ஆடுகிறோம். தோல் இல்லாமல் உறுமி ஏது? ஆனால் தோலை வெட்டித் தைக்கிறவனைப் பார்த்தால் மட்டும் ஒரு நக்கல். வகுப்பறையில் பிள்ளைகள் வாயிலும் இதே நக்கலைக் கேட்டிருக்கிறேன். அதை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் நான் போனபோது பையன் தைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வியப்பு. அவர்தான் சொன்னார். "டீச்சர், எங்க தாத்தா ஊர்ல தோல் வேலை செஞ்சவரு. இங்க வந்து பால்மரம் வெட்டினாரு. யாரு கேட்டாலும் விவசாயம்னு சொல்லிடுவாரு. ஆனா துரையோட பூட்ஸு பிஞ்சா ராத்திரியிலதான் வீட்டுக்கு வரும். தோட்டத்துப் பந்துக்குத் தையல் விட்டாலும் அவருதான். கதவைச் சாத்திக்கிட்டுத் தைப்பாரு. நான் சின்னப் பையன், விளக்குப் பிடிப்பேன்." அவர் மகனுக்கே இது அன்றுவரை தெரியாது.

விளக்குப் பிடித்த சிறுவன் கற்றது வீண்போகவில்லை. நூலைத் தேன்மெழுகில் இரண்டு மூன்று முறை இழுத்தார். குத்தூசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக எதிரெதிராக இழுக்கச் சொன்னார். தையல் மெஷின் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகும். இந்த இரட்டை ஊசித் தையலில் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். குதிரைச் சேணம் தைப்பவர்கள் உலகம் முழுவதும் இப்படித்தான் தைக்கிறார்கள். மெழுகு, துளையில் தண்ணீர் இறங்குவதையும் குறைக்கிறது. தையல் மெஷின் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு மாலைப் பொழுது போதும்.

தைத்த உறையை இருக்கையில் போடுவதற்கும் அவரிடம் ஒரு நிதானம் இருந்தது. முன்முனை நடுவில் ஒரு ஊசி. நேர் எதிரே பின்முனை நடுவில் ஒன்று. பிறகு இடது நடு, வலது நடு. அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறிப் போக வேண்டும். மூலை கடைசி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உறை கோணிக்கொள்ளும். மூலையில் சுருக்கம் விழுந்தால், வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைச் சற்று நேரம் வைத்தால் தோல் இளகிக் கொடுக்கும். கொதிநீர் கூடாது. பட்டையில் பதனிட்ட தோல் கொதிநீர் பட்டால் கருவாடாகச் சுருண்டுவிடும். ஸ்டேப்பிள் ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். தட்டைத் துளைத்து மேலே வராத நீளத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் உட்காருபவருக்குத் தெரியும்.

பராமரிப்பு அதிகமில்லை. நனைந்தால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் விறைத்துவிடும். பூஞ்சணம் கண்டால் துடைத்துவிட்டுக் காற்றாட வையுங்கள். மாதம் ஒருமுறை தோலுக்கென்று விற்கும் மெழுகுக் களிம்பைக் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அது முதல் நாள் பளபளக்கும், மறுநாள் தூசி பிடிக்கும், மூன்றாம் நாள் பள்ளிச் சீருடையில் கறை தெரியும். வழவழவென்று மெருகேற்றவும் வேண்டாம். பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் வந்துவிடுவார்.

அந்த இருக்கை இரண்டு மழைக்காலத்தைக் கண்டுவிட்டது. ஒரு மூலையில் நூல் சற்றுத் தளர்ந்தது. அதையும் பையனே இழுத்துத் தைத்தான். இப்போது பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அவனிடம் இருக்கை கொண்டுவருகிறார்கள். அன்று சிரித்த பெரியவரின் மகனும் ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்துதான் தைக்கிறான். கதவைச் சாத்துவதில்லை.

நானும் என் மோட்டாருக்குத் தோல் போடச் சொல்லிக் கேட்டேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் தலையை ஆட்டினான். "டீச்சர், உங்க மோட்டார் பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க வெயில்லயும் மழையிலயும் நிக்குது. உங்களுக்கு ரெக்சின்தான்" என்றான். ரெக்சின்தான் போட்டுக் கொடுத்தான். அதில்தான் இன்று இந்த உரைக்கு வந்து சேர்ந்தேன்.